பெர்சனல் டிரெய்னர் சான்றிதழ்: பணம் கட்டுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரித் தேர்வுகள் முடிந்து வைகாசி பிறந்ததும், கும்பகோணம், பாபநாசம், திருவாரூர்ப் பக்கத்து இளைஞர்கள் சிலர் கைப்பேசியில் ஏதாவது ஒரு விளம்பரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் ஜிம்முக்கு வருகிறார்கள். "மாஸ்டர், இந்தக் கோர்ஸ் சேரலாமா?" என்று கேட்கிறார்கள். சேர்வதற்கு முன்னால் கேட்பவர்கள் குறைவு. பணத்தைக் கட்டி முடித்து, ரசீதோடு வந்து கேட்பவர்களே அதிகம். தொடக்க காலத்தில் நான் செய்த அதே பிழைகளை இவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கட்டணங்களை ஒப்பிடுங்கள், பாடத்திட்டத்தைப் படியுங்கள் என்று எவரும் சொல்லக்கூடிய அறிவுரைகளை விட்டுவிட்டு, பணத்தையும் ஆண்டுகளையும் விழுங்குகிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

எந்த வேலைக்கு என்று தெளியாமல் சேர்வது

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆவது, விளையாட்டுப் பயிற்றுநர் ஆவது, ஜிம்மில் ஒருவருக்குத் தனியாகப் பயிற்சி அளிப்பது ஆகிய மூன்றும் வெவ்வேறு தொழில்கள். முதலாவதற்கு பி.பி.எட். போன்ற உடற்கல்விப் பட்டம் வேண்டும். இரண்டாவதற்கு, 1961-இல் பட்டியாலாவில் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்றுநர் பட்டயத்துக்கு மதிப்பு அதிகம். மூன்றாவதற்குத்தான் நாம் பேசிக்கொண்டிருக்கும் பெர்சனல் டிரெய்னர் சான்றிதழ். இதை வைத்துக்கொண்டு அரசுப் பள்ளி வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று நம்பிப் பணம் கட்டியவர்களை நான் நேரில் அறிவேன்.

இதன் மறுபக்கமாக, பெயர் கம்பீரமாக இருக்கிறது என்பதற்காகவே சி.எஸ்.சி.எஸ். சான்றிதழைத் தேடி அலைபவர்களும் உண்டு. அமெரிக்காவின் என்.எஸ்.சி.ஏ. அமைப்பு வழங்கும் அந்தச் சான்றிதழ் விளையாட்டு வீரர்களுக்கு வலிமைப் பயிற்சி அளிப்பவர்களுக்கானது; அதற்கு இளநிலைப் பட்டமும் வேண்டும். சர்க்கரை நோயும் மூட்டு வலியும் உள்ள ஐம்பது வயதுக்காரர்களுக்குப் பயிற்சி அளிக்கப் போகிறவருக்கு, அதே அமைப்பின் பெர்சனல் டிரெய்னர் சான்றிதழான சி.பி.டி.யே பொருத்தமானது.

சுவரில் இருக்கும் சின்னங்களை அங்கீகாரம் என்று நம்புவது

எனக்கு இன்றும் ஆத்திரத்தை வரவழைக்கும் தவறு இதுதான்.

பாபநாசத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து எங்களிடம் வந்துகொண்டிருந்த தம்பி ஒருவர், வெளியூர் நிறுவனம் ஒன்றில் 'சர்வதேச டிப்ளமோ' படித்தார். கட்டணம் 70,000 ரூபாய்க்கு மேல். அவருடைய அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் வாங்கி அதைக் கட்டினார். சில வாரங்களில் சான்றிதழ் கைக்கு வந்தது. வழவழப்பான கெட்டித் தாள், பொன்னிற விளிம்பு, அடியில் வரிசையாகச் சின்னங்கள், மூலையில் ஒரு கியூ.ஆர். குறியீடு. துபாயில் இருந்த அவருடைய மாமா, அங்கே ஒரு ஜிம்மில் நேர்காணலுக்கு ஏற்பாடு செய்தார். அந்த ஜிம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இந்தச் சான்றிதழை வைத்து 'ரெப்ஸ்' எனப்படும் அமீரகப் பயிற்சியாளர் பதிவேட்டில் உங்களைப் பதிவு செய்ய முடியுமா? முடியாது என்று தெரிந்ததும் பேச்சு அத்தோடு முடிந்தது. நகையோ சங்கத்தின் பெட்டகத்திலேயே இருந்தது.

அந்தச் சான்றிதழை வாங்கி, சின்னங்களை ஒவ்வொன்றாக அவருடன் உட்கார்ந்து பார்த்தேன். முதலாவது ஐ.எஸ்.ஓ. 9001. ஒரு நிறுவனம் தன் நிர்வாக நடைமுறைகளை ஒழுங்காக வைத்திருக்கிறதா என்பதைப் பற்றிய தரநிலை அது. அட்டைப்பெட்டி செய்யும் ஆலையும் அதைப் பெறலாம், பாடம் நடத்தும் பள்ளியும் பெறலாம். பாடத்தின் தரத்தையோ தேர்வின் நேர்மையையோ பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஆட்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகளுக்கென்று இருக்கும் தரநிலை ஐ.எஸ்.ஓ. 17024 என்ற வேறொன்று. அந்த எண் அந்தத் தாளில் எங்கும் இல்லை. இரண்டாவது, சிறுதொழில் பதிவான உத்யம். ஆதார் எண்ணை வைத்துக் கட்டணம் ஏதுமின்றி, சுய அறிவிப்பின் பேரில் எவரும் இணையத்தில் பெறக்கூடிய பதிவு அது. மூன்றாவது இடத்தில் 'மத்திய அரசுப் பதிவு பெற்றது' என்ற வரி. நிறுவனச் சட்டப்படி ஒரு கம்பெனியாகப் பதிவாகியிருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை; மளிகை மொத்த வியாபாரக் கம்பெனிக்கும் அதே பதிவுதான். கியூ.ஆர். குறியீட்டைத் திறந்தால் அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்கே போயிற்று. தனக்குத் தானே சாட்சி சொல்லிக்கொள்வதை எந்த முதலாளி ஏற்பார்?

இவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. பதிவுகள் எல்லாம் உண்மையானவை. ஆனால் நெல் மூட்டை அடகு வைத்தும் நகை அடகு வைத்தும் பிள்ளையைப் படிக்க வைக்கிற ஒரு குடும்பத்துக்கு, இந்தப் பதிவுகளுக்கும் பயிற்சியாளர் தகுதிக்கும் தொடர்பில்லை என்று யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லாமல் இருப்பதிலேயே அந்த வியாபாரம் நடக்கிறது.

இந்தியாவில் பெர்சனல் டிரெய்னர் ஆவதற்கு உரிமம் பெற்றாக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆகவே ஒரு சான்றிதழின் மதிப்பு, அதை வழங்குபவர் அல்லாத வேறொருவர் அதைச் சோதித்து ஏற்றிருக்கிறாரா என்பதில்தான் இருக்கிறது. வெளிநாட்டுச் சான்றிதழ் என்றால், சான்றிதழ்த் திட்டங்களைச் சோதித்து ஏற்கும் அமெரிக்க அமைப்பான என்.சி.சி.ஏ.வின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம்., ஏ.சி.எஸ்.எம்., என்.எஸ்.சி.ஏ. ஆகிய நான்கு அமெரிக்க அமைப்புகளின் பெர்சனல் டிரெய்னர் சான்றிதழ்களும் அந்த அங்கீகாரம் உடையவை. இங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. என்.சி.சி.ஏ. ஒரு நிறுவனத்தை மொத்தமாக அங்கீகரிப்பதில்லை. அது நடத்தும் குறிப்பிட்ட சான்றிதழ்த் திட்டத்தை மட்டுமே அங்கீகரிக்கிறது. அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்றே நடத்தினாலும், அதன் ஊட்டச்சத்துக் கோர்ஸுக்கு அந்த அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். ஆகையால் பட்டியலில் அமைப்பின் பெயரைத் தேடுவதோடு நிறுத்தாமல், சான்றிதழின் பெயரையும் தேடுங்கள்.

உள்நாட்டிலேயே வேலை பார்ப்பதாக இருந்தால், தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ் வரும் 'ஃபிட்னஸ் டிரெய்னர்' தகுதியைக் கவனிக்க வேண்டும். விளையாட்டு, உடற்கல்வி, உடற்தகுதித் துறைக்கான திறன் குழுமம் அதை வகுத்திருக்கிறது. தொழிற்கல்வியை நெறிப்படுத்தும் என்.சி.வி.இ.டி. என்ற ஒழுங்குமுறை அமைப்பு அதற்கு மேலே இருக்கிறது. இந்தத் தகுதிகளுக்குக் குறியீட்டு எண் உண்டு. தேசியத் தகுதிப் பதிவேட்டில் அந்த எண்ணைக் கொண்டு தேடிப் பார்க்கலாம். சேர்க்கை அலுவலரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். எண்ணைச் சொல்லாமல், "எல்லா இடத்துலயும் செல்லும் சார்" என்று மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வினாத்தாள் வாட்ஸாப்பில் வந்து, விடைகளை வீட்டில் உட்கார்ந்து நிரப்பி அனுப்பும் தேர்வுக்கு வேறு சோதனையே தேவையில்லை. எழுதுபவர் யார் என்று அடையாளம் பார்த்து, கண்காணிப்பில் நடத்தப்படாத தேர்வு, தேர்வே அன்று.

நம் ஊரில் யார் வருகிறார்கள் என்று பாராமல் பாடத்தைத் தேர்வது

விளம்பரத்தில் வயிற்றுத் தசைகள் தெரிகிற இளைஞர்கள் நிற்கிறார்கள். தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ தனிப்பயிற்சிக்குப் பணம் கொடுத்து வருபவர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்கள் அல்லர்: ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், காலமெல்லாம் குனிந்து நாற்று நட்டு இடுப்பைத் தேய்த்துக்கொண்டு, இப்போது பிள்ளைகள் அழைத்து வரும் தாய்மார்கள். 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, நாட்டின் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோயும் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆகவே, பயிற்சிக்கு முன் உடல்நிலையை விசாரிக்கும் முறையையும், மருந்துகள் உடலின் எதிர்வினையை எப்படி மாற்றுகின்றன என்பதையும் சொல்லித்தராத பாடம் நமக்கு உதவாது.

ஒரு நாள் காலையில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் டிரெட்மில்லில் நடந்துகொண்டிருந்தார். ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சர்க்கரை இல்லாத காபியை மட்டும் குடித்துவிட்டு வந்திருந்தார். பொறுப்பில் இருந்தவர் புதிதாகச் சான்றிதழ் வாங்கிய ஒரு தம்பி. "நல்லா வேர்க்குது மாஸ்டர், இப்பத்தான் கொழுப்பு எரிய ஆரம்பிச்சிருக்கு" என்றார். மின்விசிறி நேராக வீசிக்கொண்டிருந்தும் டீச்சரின் மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருக முடியாமல் விரல்கள் வழுக்கின. கையைப் பிடித்துப் பார்த்தால் ஈரமும் குளிர்ச்சியும். இயந்திரத்தை நிறுத்தி, உட்கார வைத்து, ரத்தச் சர்க்கரையைப் பார்த்தோம்: 58. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்த பிறகே அவரை எழுந்திருக்க விட்டோம். அந்தத் தம்பி படித்த பாடத்தில் புரோட்டீன் பவுடருக்கு ஒரு முழு அத்தியாயம் இருந்தது. தாழ்சர்க்கரைக்கு ஒரு வரிகூட இல்லை. குற்றத்தை அவர்மேல் சுமத்த எனக்கு மனம் வரவில்லை.

இதேபோல, 220-இலிருந்து வயதைக் கழித்து, அதை உச்ச அளவாகக் கொண்டு இதயத் துடிப்பின் இலக்கைக் குறிக்கும் சூத்திரத்தை எல்லாப் பாடங்களும் சொல்லித்தருகின்றன. இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மருந்து எடுத்துக்கொள்பவருக்குத் துடிப்பு அந்த அளவுக்கு ஏறவே ஏறாது. ஏறவில்லையே என்று வேகத்தைக் கூட்டினால் ஆபத்து. அவர் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா, உழைப்பு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று அவரே எப்படி மதிப்பிடுகிறார் என்பவற்றைக் கொண்டே அளவைத் தீர்மானிக்க வேண்டும். மாதிரிப் பாடம் கேட்கக் கிடைத்தால், பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்குப் பயிற்சியின் அளவை எப்படித் தீர்மானிப்பது என்ற இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். சொல்லித்தருபவரின் ஆழம் விளங்கிவிடும்.

சி.பி.ஆர். பயிற்சியைத் தள்ளிப்போடுவது

சி.பி.ஆர். என்பது இதயம் நின்றுபோனவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி. ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். போன்ற அமைப்புகள் நடப்பிலுள்ள சி.பி.ஆர். சான்றிதழைக் கேட்கின்றன. பொம்மையின் மார்பில் கைவைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்திப் பழகாமல், காணொளி பார்த்துப் பெற்ற சான்றிதழ் ஆபத்து நேரத்தில் உதவாது.

புதுப்பிக்கும் செலவைக் கணக்கில் சேர்க்காதது

ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். சான்றிதழ்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், ஏ.சி.எஸ்.எம்., என்.எஸ்.சி.ஏ. சான்றிதழ்களை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகளும் தேவை. முதல் இரண்டிலும் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 20 மணி நேரப் படிப்பு. கட்டணம் டாலரில் என்பதால் ரூபாய் மதிப்பு இறங்கும்போது நம் செலவு ஏறும். ஆயுள் முழுவதும் புதுப்பிக்கவே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அதை ஒரு சலுகையாக எண்ண வேண்டாம்.

ஆங்கிலத்தைப் பற்றி யோசிக்காமல் சேர்வது

தமிழ்வழியில் படித்தவரால் இந்தத் தேர்வுகளில் தேற முடியாது என்பது உண்மையன்று. எங்களிடமிருந்து போனவர்கள் தேறியிருக்கிறார்கள். ஆனால் உடற்கூற்றியல் சொற்களுக்கு மட்டுமே சில மாதங்கள் ஒதுக்க வேண்டியிருக்கும். தேர்வுக்கு விண்ணப்பித்தால் குறிப்பிட்ட காலத்துக்குள் எழுதியாக வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால், முதலில் பாடநூலை வாங்கி இரண்டு அத்தியாயங்களைப் படித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு தேர்வுக்குப் பணம் கட்டுவதே நல்லது.

'100 விழுக்காடு வேலை உறுதி'

எழுத்தில் கேளுங்கள்.

அடிப்படைச் சான்றிதழுக்கு முன்பே சிறப்புச் சான்றிதழ்களை வாங்குவது

வேண்டாம்.

தேறியதும் தனியாகத் தொடங்குவது

மேலே சொன்ன நான்கு அமெரிக்க அமைப்புகளின் பெர்சனல் டிரெய்னர் தேர்வுகள் எல்லாம் கணினியில் விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாத ஓர் அம்மாவின் குதிகால் எங்கே பதிகிறது, முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று பார்க்கிற கண்ணை அவை சோதிப்பதில்லை. ஆகவே எந்தச் சான்றிதழைத் தேர்ந்தாலும், அனுபவமுள்ள ஒருவரின் கீழ் சில மாதங்கள் ஊதியம் குறைவானாலும் வேலை பார்க்க இடம் கிடைக்குமா என்பதைச் சேர்வதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். குறுவை நடவும் அறுவடையும் நடக்கும் மாதங்களில் ஜிம்முக்கு வருபவர்கள் குறைவதால், மாஸ்டர்களுக்குச் சொல்லித்தர நேரம் இருக்கும்; அந்த மாதங்களில் போய்க் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.