தியேட்டருக்குப் போகும் முன் ஒரே ஒரு பாட்டு

ஆங்கில இசைநாடகப் படத்துக்கு டிக்கெட் எடுத்தாச்சா? அதில் பலபேர் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்றை மட்டும் முதல் நாளே வரிகளைப் பார்த்துக்கொண்டே இரண்டு முறை கேட்டுவிடுங்கள். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1961, 2021) என்றால் 'டுநைட்' குவின்டெட் (ஐந்து குரல்கள் சேரும் பாட்டு). ஒரு முறை கேட்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அந்தப் பாட்டில் இரண்டு கும்பல்கள், அனிதா, டோனி, மரியா என்று ஐந்து தரப்பும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வரிகளைப் பாடுகிறார்கள். சப்டைட்டிலில் இரண்டு வரிக்கு மேல் இடம் கிடையாது. அதைத் துரத்தினால் திரையில் முகங்களைத் தவறவிடுவீர்கள். ஒருமுறை படித்த வரியைக் காது தானாகவே பிடித்துக்கொள்ளும், கண்ணுக்கு வேலை மிச்சம். புரியவில்லையே என்று இன்னொரு டிக்கெட் எடுக்கவும் வேண்டாம். 2021 படத்தில் ஸ்பானிஷ் வசனத்துக்குச் சப்டைட்டிலே போடவில்லை, அது வேண்டுமென்றே செய்தது. அதற்காகத் திணற வேண்டியதில்லை.

ஆனால் முழு ஆல்பத்தையும் கேட்டுவிடாதீர்கள். சில சோகப் படங்களில் கடைசிப் பாட்டின் தலைப்பே முடிவைச் சொல்லிவிடும். இந்தப் படம் ரோமியோ ஜூலியட் கதைதான் என்பதால் பெரிய நஷ்டமில்லை; மற்றவற்றில் ஜாக்கிரதை. அப்புறம், 'தி அம்ப்ரெல்லாஸ் ஆஃப் ஷெர்பூர்க்' (1964) மாதிரி வசனம் முழுக்கப் பாட்டாகவே வரும் பிரெஞ்சுப் படத்துக்கு இந்த வழி உதவாது. அங்கே சப்டைட்டில்தான் கதி.