ஸ்ட்ரெஸ் ஃப்ரெக்சருக்குப் பிறகு திரும்ப ஓடத் தொடங்குறீங்களா? இந்தப் பிழைகளை விடாதீங்க

டொக்டர் காயத்துக்குக் காலில போட்ட பூட்ஸைக் கழட்டலாம் எண்டு சொன்ன அதே கிழமை காலிமுகத்திடல்ல ஓட வந்து நிக்கிற ஆக்கள் இருக்காங்க. ஆறு எட்டுக் கிழமை வீட்டில அடைஞ்சு கிடந்து, குரூப்ல மற்றவங்க போடுற ஸ்ட்ராவா (ஓட்டத்தைப் பதியிற அப்) படங்களைப் பாத்துக் கொண்டிருந்த ஆளுக்கு அந்த அவதி வாறது விளங்குது, ஆனா ஸ்ட்ரெஸ் ஃப்ரெக்சர், அதாவது ஓடி ஓடி எலும்பில விழுற மெல்லிய வெடிப்பு, திரும்ப வாறதும் இந்த இடத்திலதான். நோ போறது ஒண்டு, எலும்பு பழைய பலத்துக்கு வாறது இன்னொண்டு, ரெண்டும் ஒரே நாள்ல நடக்கிறதில்ல.

இது விழுந்து முறியிற முறிவு மாதிரி இல்ல. எலும்பு எப்பவும் பழசை அரிச்சு எடுத்து அந்த இடத்தில புதுசைக் கட்டிக்கொண்டே இருக்கும், நாம திடீரெண்டு தூரத்தைக் கூட்டினா அரிக்கிற வேலை முந்திரும், கட்டுற வேலை பிந்திரும், அந்த இடைவெளியிலதான் மெல்லிசா வெடிப்பு விழும். 1855லயே ப்ரெய்தௌப்ட் எண்ட பிரஷ்ய இராணுவ டொக்டர், மார்ச் பண்ணிப் பண்ணிப் பாதம் வீங்கின சிப்பாய்களைப் பத்தி எழுதி வச்சிருக்கார், அப்ப எக்ஸ்ரேயே இல்ல. புதுசாக் கட்டின எலும்பு நல்லா இறுகிறதுக்கு மாசக்கணக்கு எடுக்கும், நோ அதுக்கு எவ்வளவோ முன்னமே போயிரும்.

இதில ஆபத்து கூடுதலா இருக்கிறது ஒழுங்கா இருக்கிறவங்களுக்குத்தான், அதை யாரும் பெருசாக் கதைக்கிறதில்ல. காயம் பட்ட காலத்தில சைக்கிள் ஓடி, பூல்ல நீந்தி, மூச்சை அப்பிடியே வச்சிருக்கிற ஆள் திரும்ப ரோட்டுக்கு வந்தா நெஞ்சுக்கு ஒண்டும் தெரியாது, பழைய வேகத்தில போனாலும் லேசா இருக்கும். ஆனா சைக்கிள்லயும் தண்ணியிலயும் கீழ்க்காலுக்கு அடி விழாததால அந்த எலும்பு இவ்வளவு நாளும் ஓய்விலயே இருந்திருக்கு. அதால மூச்சு எப்பிடி இருக்கு எண்டு பாத்து வேகத்தை முடிவு பண்ணாதீங்க.

அடுத்தது, கூட்டாளி ஓடின பிளானை அப்பிடியே எடுத்து ஓடுறது. அவருக்குக் கீழ்க்கால் எலும்பின்ட உள்பக்க ஓரத்திலயோ, பாதத்தில ரெண்டாவது மூண்டாவது விரலுக்குப் போற எலும்பிலயோ வந்திருக்கலாம், அதெல்லாம் பெரும்பாலும் சொன்ன சொல்லுக் கேட்டு ஆறுற இடங்கள். தொடையெலும்பின்ட கழுத்து, பாதத்தின்ட மேல்வளைவில இருக்கிற நவிக்குலர், கீழ்க்கால் எலும்பின்ட முன்பக்கம், சின்ன விரலுக்குப் போற எலும்பின்ட அடி, இதுகள் அப்பிடி இல்ல. லேசில ஆறாது, சிலவேளை ஒப்பரேஷன் வரைக்கும் போகும். உங்களுக்கு வந்தது எந்த எலும்பில எந்தப் பக்கம் எண்டு தெரியாட்டி ஓடுற கதைக்கு முதல் அதைக் கேட்டுத் தெரிஞ்சு கொள்ளுங்க. எக்ஸ்ரே கிளியர் எண்டு சந்தோசப்படவும் வேணாம், தொடக்கத்தில எக்ஸ்ரேல ஒண்டுமே தெரியாமப் போறது சாதாரணம், எம்ஆர்ஐதான் காட்டிக் குடுக்கும்.

சரி, எப்ப தொடங்கலாம்? லேசா ஆறுற இடம் எண்டா, டொக்டர் ஓம் எண்ட பிறகு முதல்ல நடந்து பாருங்க. அரை மணித்தியாலம் கைவீசி வேகமா நடந்து, அப்பவும் நோகக்கூடாது, அண்டிரவும் அடுத்த நாள் காலமையும் நோகக்கூடாது, இதை ஒரு நாள் மட்டும் பாத்தாப் போதாது. பிறகு பெருவிரலால காயம் பட்ட எலும்பை மேலயிருந்து கீழ வரைக்கும் மெல்ல அமத்திக்கொண்டு வாங்க. சதை உளையிறது பரவாயில்ல, எலும்பில ஒரு விரல் அளவு இடத்தில மட்டும் சுள்ளெண்டா இன்னும் நேரம் வரேல்ல. அதுவும் சரி எண்டா ஒத்தைக் காலில கொஞ்சம் குதிச்சுப் பாருங்க, அதுக்கும் நோகாட்டி ஒரு நிமிசம் ஓடி நாலு நிமிசம் நடக்கிறதில தொடங்கலாம். அடுத்தடுத்த நாள் ஓடாம ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஓடுற நிமிசத்தைக் கூட்டி நடக்கிற நிமிசத்தைக் குறைச்சு அரை மணித்தியாலம் தொடர்ந்து ஓட வாற வரைக்கும் வேகத்தைப் பத்தி யோசிக்கவே வேணாம். முதல் தூரம், பிறகு வேகம், மேடு பள்ளம் எல்லாம் அதுக்கும் பிறகு. கிழமைக்கு இவ்வளவு வீதம் கூட்டலாம் எண்டு கணக்குப் பாக்கிறவங்க ஞாயிற்றுக்கிழமை ஒரே ஓட்டத்தில கனதூரம் போயிருவாங்க, கிழமைக் கணக்கு சரியாத்தான் இருக்கும், எலும்பு பாவம்.

ஓட முதல் டைக்லோஃபெனாக்கோ இபுபுரொஃபெனோ மாதிரி நோக்குளிசை போடுறது பச்சைப் பிழை. இந்த நேரத்தில உங்களுக்கு இருக்கிற ஒரே மீட்டர் நோதான், அதை நிப்பாட்டிப் போட்டு ஓடினா எங்க பிழைக்குது எண்டு எப்பிடித் தெரியும்?

எல்லாரும் சப்பாத்தையும் கொங்கிரீட்டையும்தான் பேசுவாங்க. மரைன் டிரைவ் ரோட்டு இறுக்கம், புல்லில ஓடுங்க, அந்த பிராண்ட் வாங்குங்க எண்டு ஆளாளுக்கு ஒரு கதை. பழகாத புது சப்பாத்தில நீளமா ஓடுறது கூடாதுதான், கார்பன் பிளேட் போட்ட சப்பாத்தோட ஓடினவங்களுக்கு நவிக்குலர்ல காயம் வந்ததா 2023ல டொக்டர்மார் எழுதினதும் உண்மை, ஆனா எனக்கெண்டா இதை விடப் பெரிய பிரச்சினை சாப்பாட்டுக் கோப்பையில இருக்கு. காலமை அஞ்சரைக்கு வெறும் தேத்தண்ணியோட ஓடி, கந்தோருக்குப் பிந்துது எண்டு காலமைச் சாப்பாட்டை விட்டு, மெலியவும் வேணும் எண்டு இரவில சோத்தையும் குறைச்சா எலும்பு கட்டச் சாமானுக்கு எங்க போறது. செலவழிக்கிற சக்திக்குச் சாப்பாடு காணாட்டி உடம்பு ஹோர்மோனைக் குறைச்சு எலும்பையும் பலவீனமாக்கிரும், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014லயே இதுக்கு ஒரு பெயர் வச்சு அறிக்கை விட்டது. பொம்பிளையளுக்கு மாதவிடாய் நிண்டா, தள்ளித் தள்ளி வந்தா அது பெரிய எச்சரிக்கை, ஓடுறதால அப்பிடித்தான் எண்டு விட்டிராதீங்க. ஆம்பிளையளுக்கும் இந்தச் சக்திக் குறைவு வரும், அங்க மாதவிடாய் மாதிரி வெளிப்படையாக் காட்டிக் குடுக்க ஒண்டும் இல்லாததால கனநாள் தெரியாமலே கிடக்கும். கந்தசஷ்டி விரதமோ ரமழான் நோன்போ பிடிக்கிறவங்க அந்த நாட்கள்ல ஓட்டத்தைக் கூட்டாம இருக்கிறதையே திரும்பச் செய்யுங்க, பிறகு கூட்டலாம்.

இவ்வளவு வெயில் அடிக்கிற ஊர்ல விட்டமின் டி குறையுமா எண்டு கேப்பாங்க. குறையும். விடியமுதல் ஓடி, பகல் முழுக்க ஏசிக்குள்ள இருந்து, இருட்டின பிறகு வீட்டுக்கு வந்தா வெயில் எங்க படுறது, அதிகாலை வெளிச்சத்தில அதுக்குத் தேவையான கதிர் இல்ல. இரத்தத்தில ஒருக்கா செக் பண்ணிப் பாத்துட்டு டொக்டர் சொல்ற அளவை எடுங்க. கல்சியத்துக்குத் தயிர், பால், முள்ளோட சாப்பிடுற நெத்தலி, குரக்கன் பிட்டு இருக்கு, பெரியாக்களுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் வேணும்.

பிஸியோ தாற எக்ஸசைஸை நோ போனதோட விடுறதும் வழமை. கெண்டைச் சதை பலமா இருந்தாத்தான் கீழ்க்கால் எலும்பு வளையிறது குறையும், அதால படியில ஒத்தைக் காலில நிண்டு குதிக்காலை ஏத்தி இறக்கிறதை ஓடத் தொடங்கின பிறகும் விடாதீங்க.

இடையில பழைய இடம் நொந்தா அந்த இடத்திலயே நிப்பாட்டி நடந்து வாங்க, ரெண்டு மூண்டு நாள் விட்டு நோ இல்லாட்டி முந்தின படியில இருந்து தொடங்குங்க, திரும்பவும் அதே இடத்தில வந்தா டொக்டரிட்டத்தான். தொடையிடுக்கில ஆழமா நொந்தா மட்டும் இந்தக் கணக்கு ஒண்டும் பாக்காதீங்க, ஒரு நாளும் ஓடிப் பாக்க வேணாம், அண்டைக்கே காட்டுங்க, தொடையெலும்பின்ட கழுத்து முழுசா முறிஞ்சா இடுப்பு மூட்டே பழுதாப் போகலாம்.