மனச்சோர்வு மாத்திரை: முதல் சில வாரங்களில் செய்யக்கூடாத தவறுகள்

மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், நிறைய பேர் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே விட்டிருப்பார்கள். "குமட்டுது, தலை சுத்துது, முன்ன இருந்ததைவிட மோசமாயிடுச்சு, இது எனக்கு ஒத்துக்கல" என்பார்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுனில் இதைக் கேட்கும்போது எனக்கு மனசு தாங்காது, ஏனென்றால் அந்த மாத்திரையைக் கையில் வாங்குவதற்கே அவர்கள் எவ்வளவு தயங்கியிருப்பார்கள் என்று தெரியும். 1911-இல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை நமக்குப் பக்கத்து ஊர், அந்தப் பெயரைச் சொல்லியே ஒருவரை ஒருவர் கேலி பேசி வளர்ந்தவர்கள் நாம். அந்த வெட்கத்தையெல்லாம் தாண்டி, அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி, டாக்டர் முன்னால் அழுது, மாத்திரையோடு வீடு வந்து, அப்புறம் வாரம் தாண்டாமல் குமட்டலுக்காக அதை நிறுத்திவிடுவதா?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மாத்திரைகளில் தொந்தரவு முன்னால் வரும், பலன் பின்னால்தான் வரும். செர்ட்ராலின், எஸ்சிட்டாலோப்ராம், ஃபுளூவாக்செட்டின், ஃபுளூவாக்சமைன் எல்லாம் ஒரே குடும்பம், செரோடோனின் என்ற ரசாயனத்தின் மேல் வேலை செய்பவை. நம் உடம்பில் இருக்கும் செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, அதனால்தான் மனசுக்கு மாத்திரை போட்டால் முதலில் வயிறு கலங்குகிறது. குமட்டல், பேதி, தலைவலி, வியர்வை, ஒரு மாதிரியான படபடப்பு, தூக்கம் கெடுவது எல்லாம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தணிந்துவிடும். மனசு லேசாவது தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம். ஐந்தாம் நாளில் "ஒரு பிரயோஜனமும் இல்லை" என்று முடிவு கட்டுவது அந்த மாத்திரைக்கு வாய்ப்பே கொடுக்காத மாதிரி.

வெறும் வயிற்றில் போடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் எழுந்து, ஒரு கிளாஸ் கோப்பி ஓவோடு மாத்திரையை விழுங்கிவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எட்டு மணிக்கு மரத்தடியில் உட்கார்ந்து வாந்தி. சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் பலருக்குக் குறையும். அந்த நேரத்தில் சாப்பிட முடியாதென்றால், மாத்திரையை பசியாறும் நேரத்துக்கோ இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகோ மாற்றலாமா என்று டாக்டரிடமோ மருந்து கவுண்டரிலோ கேளுங்கள். தூக்கம் வரவைக்கிறதென்றால் இரவு, தூக்கத்தைக் கெடுக்கிறதென்றால் காலை என்று மாற்றிக் கொடுப்பது சாதாரண விஷயம். மிர்ட்டாசபின் என்ற இன்னொரு வகை மனச்சோர்வு மாத்திரையை இரவில்தான் போடச் சொல்வார்கள், நன்றாகத் தூங்க வைக்கும். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும். கோப்பியையும் கொஞ்ச நாளைக்குக் குறையுங்கள், படபடப்பு இருக்கும்போது அது இன்னும் ஏற்றிவிடும். ஃபுளூவாக்சமைன் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அந்த மருந்து இருக்கும்போது கோப்பியின் காஃபின் உடம்பை விட்டுப் போக நெடுநேரம் ஆகும்.

அதோடு வேலை. மாத்திரை உடம்பில் என்ன செய்கிறது என்று தெரியும்வரை மோட்டார் ஓட்டுவதும், நீளக் கம்பில் அரிவாள் மாட்டி செம்பனைக் குலை வெட்டுவதும், ஃபேக்டரியில் மெஷின் முன்னால் நிற்பதும் ஆபத்து. முதல் சில நாளுக்கு எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு கேளுங்கள், அல்லது லைட் டியூட்டி கேளுங்கள். மண்டோரிடம் என்ன நோய் என்று விளக்க வேண்டிய அவசியம் இல்லை, "புது மருந்து, தலை சுத்துது" என்றால் போதும்.

மாத்திரை உறையில் எழுதியிருப்பது மலாயில் இருக்கும், அதில் ஒரு வில்லங்கம். எங்கள் தாமானில் ஒரு அக்கா மாத்திரை அட்டைகளை சாமி படத்துக்குக் கீழே ஒரு மைலோ டின்னில் வைத்திருப்பார். பிள்ளைகள் எல்லாம் ஷா ஆலாமில். உறையில் பேனாவால் "1/2" என்று எழுதியிருக்கிறது, அரை மாத்திரை என்று அர்த்தம். அக்கா அதைக் காலையில் ஒன்று, இரவில் இரண்டு என்று படித்திருக்கிறார். நடுக்கமும் வாந்தியுமாக ஆகி, "இந்த மருந்து விஷம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி மாத்திரையில் ஆரம்பிக்கச் சொன்னது உடம்பு மெதுவாகப் பழகட்டும் என்றுதான். கவுண்டரிலேயே ஒரு மாத்திரையைக் கையில் வைத்து "எவ்வளவு, எப்போ, சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா" என்று கேட்டுவிட்டு வாருங்கள், தமிழ் தெரிந்த மிஸ்ஸி (நர்ஸ்) இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள், உறையைப் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். ஒருவேளை ஒரு நாள் போட மறந்துவிட்டால், மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது.

அடுத்தது கலப்பது. மூட்டு வலி, மாதவிடாய் வலி என்றால் யோசிக்காமல் பொன்ஸ்டான் போடுவோம், அல்லது பக்கத்து வீட்டில் மிச்சம் இருந்த வோல்டாரன். இந்த வலி மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடும். சாதாரண வலிக்குப் பெனடோல் (பாராசிட்டமால்) பரவாயில்லை. ட்ரமடோல் என்ற வலி மாத்திரை, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள இருமல் மருந்து, இன்டர்நெட்டில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை, இவை இன்னும் ஆபத்து, செரோடோனின் அளவு மீறிப் போய்விடும். கடும் நடுக்கம், காய்ச்சல், தசை துடிப்பு, குழப்பம், நிற்காத பேதி எல்லாம் சேர்ந்து வந்தால் காலைவரை காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். டைரக்ட் செல்லிங்கில் "நரம்புக்கு நல்லது" என்று வரும் பவுடர், ஜாமு எதுவானாலும் டப்பாவோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். சம்சு, பீர் வேண்டாம். தூக்கத்துக்காக ஒரு பெக் என்பவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன், மறுநாள் மனசை இன்னும் கீழே தள்ளுவது அதுதான்.

வயதானவர்கள் விஷயத்தில் ஒன்றை யாரும் சொல்வதில்லை. அவர்களுக்கு இந்த மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் குறையலாம், ரத்த அழுத்தத்துக்குத் தண்ணி மாத்திரை (சிறுநீரை அதிகம் போக வைப்பது) எடுப்பவர்களுக்கு இன்னும் அதிகம். தலைவலி, அசதி, தடுமாற்றம், பேச்சில் குழப்பம் என்று வரும், நாம் "ஆச்சிக்கு வயசாகிடுச்சு" என்று விட்டுவிடுவோம். புது மாத்திரை ஆரம்பித்த சில வாரத்தில் அப்படி ஆனால் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இளம் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 25 வயதுக்குக் கீழே உள்ள சிலருக்கு, மாத்திரை ஆரம்பித்த வாரங்களிலும் அளவு மாறும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004-இல் பிள்ளைகளுக்கும், 2007-இல் 24 வயதுவரை உள்ளவர்களுக்கும் இந்த எச்சரிக்கையை மருந்தின் மேலேயே போட வைத்தது. இதைக் கேட்டு மாத்திரையே வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள், கவனிக்காத மனச்சோர்வும் உயிரை எடுக்கும். பக்கத்தில் ஒருவர் இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு இடத்தில் உட்கார முடியாமல் அலைவது, திடீர் எரிச்சல், ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருப்பது, "நான் இல்லாம இருந்தா நல்லது" என்ற மாதிரிப் பேச்சு, இதில் எது தெரிந்தாலும் அன்றே டாக்டர். தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகமும் நிற்காத பேச்சும் காசை வாரி இறைப்பதும் வந்தாலும் அப்படித்தான், அது வேறு வகை நோயாக இருக்கலாம். வீட்டில் இருக்கும் புல் மருந்து, பூச்சி மருந்து, மிச்ச மாத்திரை எல்லாவற்றையும் பூட்டி, சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்காதீர்கள், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு மலேசியாவில் 2023-இல் எடுக்கப்பட்டுவிட்டது. அவசரத்துக்கு 999. பேசுவதற்கு ஹீல் என்ற மனநல உதவி எண் 15555 இருக்கிறது, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-76272929 இரவும் பகலும் எடுப்பார்கள்.

தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைவது, உச்சம் வராமல் போவது இதெல்லாம் மாத்திரையால் வரும், குமட்டல் மாதிரி இது தானாகப் போய்விடும் என்று சொல்ல முடியாது. வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள், வீட்டில் சண்டையும் வந்துவிடுகிறது. டாக்டர் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். ஆண் டாக்டரிடம் சொல்லத் தயங்கும் பெண்கள் மிஸ்ஸியிடம் சொல்லிப் பெண் டாக்டரைக் கேட்கலாம்.

சரி, நிறுத்துவது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவு, தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு சுளீர், எல்லாம் வரலாம். பரோக்செட்டின், வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் இரண்டிலும் இது அதிகம், ஃபுளூவாக்செட்டின் உடம்பில் நாள்கணக்கில் தங்குவதால் அதில் குறைவு. இதைப் பார்த்துவிட்டுத்தான் "பழக்கமாகிடும், விட முடியாது" என்று பயமுறுத்துகிறார்கள். மதுவையோ போதையையோ தேடுகிற மாதிரி யாரும் இந்த மாத்திரையைத் தேடி அலைவதில்லை, படிப்படியாகக் குறைத்தால் விடலாம், அந்தக் கணக்கை டாக்டரோடு போட வேண்டும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது நோய் திரும்பாமல் இருக்கத்தான். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் மாத்திரை எத்தனை நாளுக்கு மிச்சம் என்று ஒரு வாரம் முன்னாலேயே எண்ணிப் பாருங்கள்.

கிளினிக்குக்குத் திரும்பப் போகும்போது ஒரு பழைய நோட்டில் நாள், மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்டது, உடம்பு என்ன செய்தது என்று நாலு வரி எழுதிக்கொண்டு போங்கள். "ஒத்துக்கல" என்று மட்டும் சொன்னால் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது, "சாப்பிடாம போட்டா ஒரு மணி நேரத்துல வாந்தி, சாப்பிட்டு போட்டா பரவால்ல" என்றால் அதில் வழி இருக்கிறது. அடுத்த தேதி ஒரு மாதம் கழித்து என்று அட்டையில் இருந்தாலும் அதுவரை காத்திருக்கச் சொல்லி யாரும் கட்டிப்போடவில்லை. உடம்பு முழுக்கத் தடிப்பு, மூச்சு விடச் சிரமம் என்றால் நேராக எமர்ஜென்சி. மற்றபடி தாங்க முடியாத எதுவானாலும் அதே அட்டையை எடுத்துக்கொண்டு, அதே மாத்திரை உறையோடு, காலையிலேயே போய் நம்பர் எடுத்துவிடுங்கள்.