போட்ல தண்ணி உறையாம பாத்துக்கங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் நம்ம எஸ்டேட் பிள்ளைங்க யாராச்சும் இங்கிலாந்துல கெனால் போட்லயே (கால்வாய்ல நிக்கிற படகு வீடு) தங்குறாங்கன்னா இத கண்டிப்பா சொல்லி விடுங்க, இங்க வருஷம் பூரா வெயிலும் மழையும்தான் அதனால குளிர்ல பைப்பு வெடிக்கும்னு நமக்கு தோணவே தோணாது. தண்ணி ஐஸ் ஆனா சுமார் 9% பெருசாகும், அதான் பைப்ப வெடிக்க வைக்குது.

தம்பி, போட்ட பூட்டிட்டு தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி ஹீட்டரையும் பம்பையும் ஆஃப் பண்ணு, எல்லா டேப்பையும் திற, சுடுதண்ணி டாங்கி ஆறுனதும் அத அடியில இருந்து வடிச்சுடு. பம்புக்குள்ளயும் ஃபில்டர்லயும் கொஞ்சம் தேங்கி நிக்கும், அதுதான் சீக்கிரம் உடையும், கழட்டி உதறு. ஷவர் ஹோஸ கீழ போட்டுரு. டேப்பெல்லாம் திறந்தே கிடக்கட்டும். உறையாம இருக்கட்டும்னு காருக்கு ஊத்துற கூலன்ட்ட குடிதண்ணி பைப்புல ஊத்தவே வேணாம்யா, விஷம்!