காகிதத்தில் பி.எஸ்.எல்.வி: கழுத்துப் பகுதியைக் கோணாமல் செய்வது எப்படி

முதன்முதலாகக் காகித ராக்கெட் செய்ய உட்காருபவர்களுக்கு நான் இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டைத்தான் சொல்வேன். 44.4 மீட்டர் உயரம். 1:100 அளவில் 44.4 செ.மீ. அடிப்பகுதியின் விட்டம் 2.8 மீட்டர், நமக்கு 28 மி.மீ. மேலே செயற்கைக்கோளை மூடியிருக்கும் வெப்பக் கவசம் 3.2 மீட்டர், அதாவது 32 மி.மீ. மனக்கணக்காகவே போட்டுவிடலாம். நான் செய்தது ஆறு பக்க ராக்கெட்டுகள் கொண்ட எக்ஸ்.எல். வகை. 2013 நவம்பர் 5 அன்று செவ்வாய்க்கான மங்கள்யான் விண்கலத்தைச் சுமந்து போனது அந்த வகைதான்.

காகிதம் 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) போதும். சாதாரண சார்ட் பேப்பர் வேண்டாம், வளைக்கும்போது மடிப்பு விழும். ஐவரி அட்டை வாங்குங்கள். வெட்ட வேண்டிய பாகங்களின் படத்தை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைகிறேன்; இலவசம், மில்லிமீட்டர் கணக்கில் சரியாக நிற்கும்.

குழாய் உருட்டும் முன் அட்டையை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சுலபமாக வளையும். குழாய் அந்தப் பக்கமாகச் சுருளும்படி பாகத்தை வெட்ட வேண்டும். பிறகு மேசை விளிம்பில் இழுத்து, பென்சிலில் உருட்டினால் அட்டை தானாகவே சுருண்டு நிற்கும். 28 மி.மீ. குழாய்க்கு அகலம் 88 மி.மீ. ஓரத்தை ஓரத்தின் மேல் ஏற்றி ஒட்டாதீர்கள். இரண்டு ஓரங்களையும் முட்டவைத்து, உள்பக்கம் 8 மி.மீ. பட்டை ஒன்றை ஒட்டுங்கள். வெள்ளை ராக்கெட்டில் ஏற்றி ஒட்டிய கோடு தூரத்திலிருந்தே தெரியும். ஃபெவிகாலைப் பல்குத்தும் குச்சியால் தொட்டு வையுங்கள், ட்யூபிலிருந்து நேராகப் பிதுக்க வேண்டாம்.

இனி கழுத்து. இரண்டாம் கட்டத்தின் 28 மி.மீ. விட்டம் மேலே போய் மூன்றாம் கட்டத்தின் 20 மி.மீ.க்குக் குறுகுகிறது. நான் முதலில் கீழே 88, மேலே 63 மி.மீ. வைத்து, நேர்க்கோட்டு விளிம்புகளோடு ஒரு சரிவகம் வரைந்து சுருட்டினேன். ஒட்டிய இடத்தில் விளிம்பு ஏறி இறங்கியது, மேல்பாதி முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தது. மூன்று முறை செய்தும் அப்படியேதான். விளிம்பு வில்லாக வளைந்திருக்க வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

கணக்கு இதுதான். ஆரங்கள் 14, 10, வித்தியாசம் 4. என் வரைபடத்தில் கழுத்தின் உயரம் 15 மி.மீ. சாய்வு நீளம்: 15-இன் வர்க்கமும் 4-இன் வர்க்கமும் கூட்டினால் 241, அதன் வர்க்கமூலம் 15.5. சாய்வை 14-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் வெளிவில்லின் ஆரம் 54.3 மி.மீ. அதிலிருந்து 15.5 கழித்தால் உள்வில் 38.8. கோணம்: 360-ஐ 4-ஆல் பெருக்கி 15.5-ஆல் வகுக்க, சுமார் 93 பாகை. காம்பஸில் ஒரே மையத்திலிருந்து இரண்டு வில்லும் போட்டு, 93 பாகையில் வெட்டுங்கள். சுருட்டினால் இரண்டு விளிம்பும் மேசையில் தட்டையாக உட்காரும். கவசத்தின் கீழ்ச்சரிவுக்கும் இதே கணக்குதான்.

கழுத்தைக் குழாயோடு சேர்க்க முக்கோணக் காதுகள் வெட்டாதீர்கள், வெளியே புடைத்துக்கொண்டு தெரியும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 27.5 மி.மீ. வட்டத்தகடு வெட்டி, குழாயின் வாயில் உள்ளே வைத்து ஒட்டுங்கள். கழுத்து அதன்மேல் ஏறி நிற்கும்.

பக்க ராக்கெட்டுகள் 10 மி.மீ. விட்டம், 120 மி.மீ. நீளம். முதலில் சமையல் குச்சியில் சுற்றிப் பழக்கிவிட்டு ஒட்டுங்கள். முதல் கட்டத்தின் ஓரத்தில் இரண்டு மெல்லிய தொட்டிகளும் உண்டு, பலர் விட்டுவிடுகிறார்கள். அவற்றிலுள்ள ஸ்ட்ரான்ஷியம் பெர்குளோரேட் கரைசலை, புகை வெளியேறும் முனைக்குழாய்க்குள் (நாசில்) பீய்ச்சித்தான் முதல் கட்டத்தைத் திருப்புகிறார்கள். அவை இல்லாவிட்டால் அது பி.எஸ்.எல்.வி. ஆகாது.

பின்சேர்க்கை: வட்டத்தகடு குழாய்க்குள் போகவே இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கணக்கில் தப்பில்லை. ஜெராக்ஸ் கடையில் ‘ஃபிட் டு பேஜ்’ வைத்து அச்சிட்டால் படம் சுருங்கிவிடும், கையால் வெட்டிய தகடு சுருங்காது. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு வையுங்கள். ‘ஆக்சுவல் சைஸ்’ வைக்கச் சொல்லுங்கள். முதல் தாள் வந்ததும் ஸ்டீல் ஸ்கேலால் அளந்து, சரியாக இருந்தால் மட்டும் மீதித் தாள்களை அச்சிடச் சொல்லுங்கள்.