செவ்வாயிலிருந்து வாக்கி டாக்கி கேட்குமா? கணக்கு சறுக்கும் இடங்கள்

வாக்கி டாக்கி பெட்டியில் "5 கி.மீ. வரை" என்று போட்டிருப்பார்கள். செவ்வாயில் ஒருவர் வாக்கி டாக்கியை அழுத்தினால் பூமியில் ஒரு பெரிய டிஷ் (ரேடியோ தொலைநோக்கி) வைத்துக் கேட்க முடியுமா என்று அதை மனதில் வைத்துக்கொண்டு யோசித்தால் முதல் அடியிலேயே சறுக்கல். அந்த 5 கி.மீ. அலையின் ஆயுள் அல்ல. கட்டடம், மரம், பூமியின் வளைவு எல்லாம் மறைப்பதால் வரும் எல்லை. மறைப்பே இல்லையென்றால் அதே மாதிரி 5 வாட் கைக்கருவியை வைத்துக்கொண்டு, 400 கி.மீ. உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பேசுகிறார்கள். வெற்றுவெளியில் அலை செத்துப்போவதில்லை, பரந்துகொண்டே போகிறது. தூரம் இரு மடங்கானால் பலம் நான்கில் ஒரு பங்கு.

இதில் ஒரு சின்னத் தவறு, செவ்வாயின் மிகக் குறைந்த தூரத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. அது 5.6 கோடி கி.மீ. வரை நெருங்கும், 40 கோடி வரை விலகியும் போகும். தூரத்தில் 7 மடங்கு வித்தியாசம், பலத்தில் 50 மடங்கு.

பெரிய தவறு வேறு இடத்தில் இருக்கிறது. "டிஷ் எவ்வளவு பெரிசு?" என்று கேட்பவர்கள் "எவ்வளவு அகலத்தில் கேட்கப் போகிறோம்?", அதாவது எத்தனை ஹெர்ட்ஸ் அதிர்வெண்களை ஒரே நேரத்தில் உள்ளே விடுகிறோம் என்று கேட்பதில்லை. செவ்வாய் மிக நெருங்கியிருக்கும்போது அங்கே ஒரு வாட் கருவி ஒலிபரப்பினால், இங்கே 100 மீட்டர் டிஷ் பிடிப்பது ஏறத்தாழ தசமப் புள்ளிக்குப் பின் 18 சுழியம் போட்டு 1 எழுதினால் வரும் வாட் அளவு. கேட்கவே பரிதாபமாக இருக்கும். ஆனால் டிஷ்ஷின் இரைச்சல் 20 கெல்வின் (ரேடியோ இரைச்சலை வெப்பநிலை அளவில் சொல்வது வழக்கம்) என்று வைத்துக்கொண்டு, 1 ஹெர்ட்ஸ் அகலத்தில் மட்டும் கேட்டால், அந்த சிக்னல் இரைச்சலைவிட சுமார் 500 மடங்கு உயர்ந்து நிற்கும். அதையே வாக்கி டாக்கி சேனலின் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு விரித்துக் கேட்டால் இரைச்சலில் 25-ல் ஒரு பங்காகிவிடும். கருவியும் டிஷ்ஷும் மாறவில்லை, நாம் திறந்து வைத்த ஜன்னல்தான் பெரிதாகிவிட்டது.

ஆகவே செவ்வாயில் நிற்பவர் பட்டனை அழுத்திவிட்டு என்ன பேசுவது என்று தெரியாமல் விழிக்கும் இரண்டு நொடிதான் நமக்குப் பொன்னான நேரம். அப்போது சக்தி முழுவதும் ஒரே மெல்லிய கோடாக, பேச்சைச் சுமக்கும் வெறும் கேரியர் அலையாக நிற்கும். வாயைத் திறந்ததும் சேனல் முழுக்கச் சிதறிவிடும்.

சரி, 1 ஹெர்ட்ஸில் கேட்போம். எந்த 1 ஹெர்ட்ஸ்? கைக்கருவியின் அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 400 மெகாஹெர்ட்ஸில் 400 ஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். செவ்வாய்க் குளிரில் அது இன்னும் ஆடும். கிரகம் நொடிக்கு 10 கி.மீ. வேகத்தில் விலகினால் டாப்ளர் விளைவு (வேகத்தால் அதிர்வெண் மாறுவது) அதை 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இறக்கிவிடும். பூமியின் சுழற்சி மட்டுமே ஒவ்வொரு நொடியும் 0.04 ஹெர்ட்ஸ் அளவுக்கு நகர்த்தும். 100 நொடி சேர்த்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் கோடு 1 ஹெர்ட்ஸ் கட்டங்களில் நாலைத் தாண்டியிருக்கும். இந்த நகர்வைத் திருத்தாமல் நேரத்தை மட்டும் கூட்டுவது வீண் வேலை. அதே நகர்வு ஒரு உதவியும் செய்கிறது: துளியும் நகராமல் நிற்கும் கோட்டை நம்பவே கூடாது, அது அநேகமாகப் பக்கத்து மேசையிலிருந்து வருகிறது.

இதில் பெரிய ஆட்களும் மாட்டியிருக்கிறார்கள். 1999 டிசம்பரில் செவ்வாயில் இறங்கப் போன நாசாவின் மார்ஸ் போலார் லேண்டர் கலம் காணாமல் போனது. ஸ்டான்ஃபோர்டில் உள்ள 46 மீட்டர் டிஷ்ஷின் பதிவுகளில் மெல்லிய சிக்னல் ஒன்று தெரிய, ஐரோப்பிய ரேடியோ தொலைநோக்கிகளும் செவ்வாய்ப் பக்கம் திரும்பின. கடைசியில் அது பூமியிலிருந்தே வந்தது என்று தெரிந்தது. டிஷ்ஷை கிரகத்திலிருந்து கொஞ்சம் விலக்கிப் பார்த்து, அப்போதும் கேட்கிறதா என்று சோதிப்பது இதற்காகத்தான்.

செல்போன் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. "செவ்வாயில் ஒரு செல்போனை வைத்தால் இங்கே தெரியுமா?" என்று கேட்கிறார்கள். டவர் இல்லாத இடத்தில் செல்போன் நெட்வொர்க்கைத் தேடிக் காது கொடுத்துக்கொண்டிருக்குமே தவிர வாயைத் திறக்காது. டவரையும் சேர்த்து அனுப்பினாலும், 2ஜி போன் எட்டில் ஒரு பங்கு நேரம்தான் ஒலிபரப்பும், அதுவும் 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில்.

இதெல்லாம் முடியாத காரியம் என்று முடிவு கட்டுவதும் தவறுதான். 2016 அக்டோபர் 19 அன்று ஐரோப்பாவின் ஸ்கியாபரெல்லி கலம் செவ்வாயில் இறங்கியபோது, புனே அருகே உள்ள ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி அதன் கேரியரை சுமார் 17.5 கோடி கி.மீ. தள்ளியிருந்து நேரடியாகப் பிடித்தது. செவ்வாயைச் சுற்றும் கலங்களுக்காக அனுப்பப்பட்ட, 400 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து சிக்னல் அது. பூமிக்கானதே அல்ல. தரையைத் தொடும் நேரத்துக்குச் சற்று முன் அது நின்றுபோனது. கலம் மோதி நொறுங்கியது பிறகு தெரிந்தது.

கடைசியாக ஒன்று, பிடிப்பதையும் புரிந்துகொள்வதையும் குழப்புவது. கேரியரைக் கண்டுபிடித்துவிட்டால் பேச்சும் கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 2005 ஜனவரி 14-ல் ஹைகன்ஸ் கலம் சனியின் டைட்டன் நிலவில் இறங்கியபோது, அதன் சிக்னலை வாங்க வேண்டிய காசினி தாய்க்கலத்தில் ஒரு ரிசீவரை இயக்கும் கட்டளை விடுபட்டு, இரண்டு சேனல்களில் ஒன்று கைவிட்டுப் போனது. காற்றின் வேகத்தை அளக்கும் சோதனை அந்த சேனலை நம்பியிருந்தது. ஆனால் 120 கோடி கி.மீ. தள்ளி பூமியில் அமெரிக்காவின் கிரீன் பேங்க், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கிகள் கேரியரைப் பிடித்திருந்தன. அதில் ஒரு படமோ ஒரு எழுத்தோ கிடைக்கவில்லை. கோடு எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்தே டைட்டனின் காற்று வேகத்தைக் கணக்கிட்டார்கள்.