தோல் வேலைக் கைக்கருவிகள்: எதை எதற்கு எடுக்கக் கூடாது

தோல் வேலையைப் புதிதாகப் பழகுகிறவர்கள் ஒரு துண்டு வீணாகிவிட்டால் "கை இன்னும் படியவில்லை" என்று சொல்லிக்கொள்வார்கள். பல நேரம் கை மேல் குற்றமே இருக்காது. ஒரு கருவி செய்ய வேண்டிய வேலையை வேறொன்றிடம் வாங்கியிருப்பார்கள், அவ்வளவுதான். தோல் கருவிகளில் பலவும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒவ்வொன்றின் வடிவத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் தெரியாமல் வாங்கினால் காசும் போகும், தோலும் போகும்.

பிறைக்கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்தில் தீப்ஸ் நகரத்து அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறை ஓவியங்களில், தோல் வேலை செய்பவர்கள் அரைவட்டக் கத்தியால் தோலை அறுப்பதைப் பார்க்கலாம். கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓவியம் அது. இன்று விற்கும் பிறைக்கத்திக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காரணம், ஒரே அலகில் மூன்று வேலை நடக்கிறது: நடு வளைவை அழுத்தித் தள்ளினால் நேர்வெட்டு, முனையால் மூலை வெட்டு, பக்கவாட்டில் சாய்த்தால் ஓரத்தைச் சீவி மெலிதாக்கலாம். இதைத் தன் பக்கம் இழுத்து அறுக்கப் பார்ப்பதுதான் முதல் தவறு. இது தள்ளி அறுக்கும் கத்தி. எதிர்த் தவறும் உண்டு: தடித்த தோலையும் காகிதம் வெட்டும் மெல்லிய பிளேடாலேயே அறுப்பது. பிளேடு வளைந்து கொடுக்கும், வெட்டு உள்ளே சாய்ந்துவிடும், அப்புறம் இரண்டு அடுக்கை ஒட்டும்போது ஓரங்கள் பொருந்தாது.

மழுங்கிய கத்தி தோலை வெட்டாமல் இழுத்து நீட்டிவிடும். அதனால் தீட்டுவது தினசரி வேலை. தோல்வாரில் தீட்டும்போது கூர்ப்பக்கம் பின்னால் வரும்படி இழுக்க வேண்டும். முன்னால் தள்ளினால் வார் அறுபடும். இழுத்து முடிக்கும் இடத்தில் கையைத் தூக்குவது எல்லாரும் செய்யும் பிழை. அதில்தான் கூர் உருண்டுபோகிறது. மின்சாரச் சாணையில் வைத்து வேகமாகத் தீட்ட நினைப்பது இதைவிட மோசம். விளிம்பு நீலமாக மாறினால் சூடு 300 டிகிரி செல்சியஸ் பக்கம் போய்விட்டது என்று பொருள். சாதாரண கார்பன் எஃகின் பதம் அங்கே போய்விடும். நீலத்தைத் தேய்த்து எடுக்கலாம், போன கடினம் திரும்பாது.

தவறுகள் அதிகம் குவிவது தையலில்தான். தோலில் துளை போடும் குத்தூசிக்கு வயது மிக அதிகம். 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதனின் இடுப்புப் பையிலேயே எலும்புக் குத்தூசி ஒன்று இருந்தது. இன்றைய தையல் குத்தூசியின் அலகு வைர வடிவில் இருக்கும். அது குத்தும் துளை ஒரு சாய்ந்த கீறல். நூல் அதில் சாய்ந்து படியும், தோலும் நூலைச் சுற்றி மூடிக்கொள்ளும். வட்டத் துளை போடும் பஞ்ச் கருவியைத் தையலுக்கு எடுத்தால் இந்த இரண்டுமே கிடைக்காது.

பிரிக்கிங் அயர்னையும் ஸ்டிச்சிங் சிசலையும் குழப்பிக்கொள்வது அடுத்தது. இரண்டும் பல் வரிசை கொண்ட உளிகள்தான். முதலாவது, துளை எங்கே வரவேண்டும் என்று அடையாளம் பதிக்க உருவானது. துளையைக் குத்தூசிதான் போடும். பிரிக்கிங் அயர்னை ஓங்கி அடித்து மறுபக்கம் வரை இறக்கினால் பற்கள் தோலில் மாட்டிக்கொள்ளும், பிடுங்கும்போது வளையும். சிசல் அப்படியில்லை, ஊடுருவுவதற்கே செய்தது. இரண்டையும் இரும்புச் சுத்தியலால் அடிக்காதீர்கள். தலை நசுங்கிக் குடைபோல விரியும். மரக் கொட்டாப்புளி போதும்.

ஊசி விஷயத்தில் எல்லாருக்கும் தோன்றுவது "தோல் கெட்டியானது, கூரான ஊசி வேண்டும்" என்பது. சேணத் தையலில் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் நுழைப்பார்கள். துளை ஏற்கெனவே இருக்கிறது. ஊசி வழிகாட்டினால் போதும். கூரான ஊசி, அதே துளையில் முன்பே போன நூலைக் குத்திவிடும். முனை மழுங்கிய ஊசியை வேண்டுமென்றே செய்து விற்பது அதனால்தான்.

அடியில் என்ன வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். முத்திரை பதிக்க கிரானைட், ஓரம் சீவ கண்ணாடி அல்லது பளிங்கு, துளை போட மரமோ பிளாஸ்டிக் பலகையோ. கல்லின் மேல் வைத்துப் பஞ்ச் கருவியை அடித்தால் ஒரே அடியில் விளிம்பு போச்சு.

தோலைத் தேய்த்து மெருகேற்றுவதற்கு நீண்ட சரித்திரம் உண்டு. நியாண்டர்தால் மனிதர்கள் விலா எலும்பில் செய்து, தோலைத் தேய்க்கப் பயன்படுத்திய கருவிகள் பிரான்ஸில் கிடைத்ததை ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். வயது சுமார் 50,000 ஆண்டுகள். அதே மாதிரி எலும்புக் கருவியை இன்றும் தோல் கைவினைஞர்கள் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஓரத்தில் இந்த மெருகு மரப்பட்டை போன்ற தாவரப் பொருளால் பதனிட்ட தோலில்தான் நன்றாக ஏறும். குரோமியம் உப்பால் தோலைப் பதனிடும் குரோம் முறை 1858இல் தோன்றி, 1884இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பிறகு பரவியது. அந்தத் தோலின் ஓரத்தை எவ்வளவு தேய்த்தாலும் பஞ்சு பஞ்சாகத்தான் நிற்கும். அதற்கு ஓரச் சாயம் பூசுவதோ ஓரத்தை மடித்துத் தைப்பதோதான் வழி. தாவரத் தோலிலும் வரிசை மாறக் கூடாது: முதலில் பெவலரால் விளிம்பைச் சீவி, உப்புத்தாள் போட்டு, லேசாக ஈரமாக்கி, அப்புறம்தான் தேய்ப்பு. நனைய நனைய ஊற்றினால் நார் கூழாகிவிடும்.

இன்னொரு விஷயம், இந்தத் தாவரத் தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. ஈரத் தோலின் மேல் இரும்புத் துகளோ துருப்பிடித்த கருவியோ பட்டால் கறுப்புக் கறை விழும், சாதாரணமாகக் கழுவினால் போகாது. கத்தியை மாதக்கணக்கில் தோல் உறையிலேயே விட்டு வைத்தால் தோலில் ஏறும் ஈரமும் டானினும் சேர்ந்து அலகை அரிக்கும். உறை எடுத்துப் போவதற்கு மட்டும். வீட்டில் எண்ணெய் தடவி வெளியே வையுங்கள்.

பழைய கருவி கிடைத்தால் நான் புதிதை விட்டு அதைத்தான் எடுப்பேன். மேலே படிந்த துரு பயப்பட வேண்டியதில்லை, தேய்த்தால் போய்விடும். கூர் விளிம்பை ஒட்டிச் சிறு குழிகள் விழுந்திருக்கிறதா, விளிம்பில் நீலம் தெரிகிறதா, அடிவாங்கும் தலை விரிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். குழி இருந்தால் எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வேண்டாம். தீட்டத் தீட்ட அந்த இடம் பல்லுப் பல்லாகத்தான் வரும்.